ஓணானின் கொம்பைக் காணவில்லை

அறிவித்தல். அப்புத்தளை மலைமுகட்டுப் பாசி மரம் ஒன்றைப் பிறப்பிடமாகவும், அதே மரத்தின் அதே கிளையை நிரந்தர வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் ஓணான் அவர்கள், பதுளை நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் தமது மூக்குக் கொம்பை இழந்து, மேனியெல்லாம் கிளிப்பச்சையாகிவிட்டார் என்பதை ஆழ்ந்த அருவருப்புடன் அறியத் தருகிறோம். இந்த அறிவித்தலை உற்றார், உறவினர், பல்லி, பச்சோந்தி அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: நான்தான். வேறு யார்.

சிரித்தாயா? வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற குரலில் வாசித்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வரவில்லை. என் கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்திருக்கிற பேனரிலிருந்து புது மையின் நாற்றம் வந்துகொண்டே இருக்கிறது, பழைய செருப்பை மண்ணெண்ணெயில் ஊறவைத்தது போல. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை. அம்மா வந்து மோந்துவிட்டு, "என்னாடா செத்துக் கெடக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உன் வருட நினைவு ஜெபத்துக்காக உன் மாமா அடித்த பேனர் அது. அதற்குள் நீ இருக்கிறாய். உன்னைப் பெற்றவருக்கே உன்னை அறிமுகம் செய்து வைக்க வேண்டும், அப்படி இருக்கிறாய். முகத்தைச் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருக்கிறார்கள். நீ ஒருநாளும் போடாத கோட்டும் டையும் கீழே ஒட்டியிருக்கின்றன. நடுவில் கழுத்து மட்டும் உன் சொந்தக் கறுப்பில் தப்பிப் பிழைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் புறா, மூலைக்கு மூலை ரோஜா, பின்னால் எந்த நாட்டுப் பனிமலையோ. நாலு பக்கமும் மலை சூழ்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு மலையை இறக்குமதி செய்திருக்கிறார்கள்! உன் கோட்டுப் பொத்தானுக்குக் கீழே நீ எடுத்த ஓணான். கிளிப்பச்சை. மொட்டை மூக்கு. முதுகில் பனித்துளி வேறு, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. சீ.

ஆனாலும் கவலைப்படாதே. அந்தப் பேனர் உங்கள் வீட்டு வாசல் திண்ணையில், அந்த இஸ்தோப்பில் தொங்கவில்லை. தொங்கவிடாமல் தடுத்த வீரன் யார், உன்னை விடப் பிரமாதமான படம் எடுத்து அந்த இடத்தில் மாட்டிய சூரன் யார் என்பதெல்லாம் முறையாகப் பின்னால் வரும்.

நீ கேமராவோடு வகுப்புக்கு வந்த நாளில் கேலி செய்த முதல் ஆள் நான்தான். உன் அக்கா கொழும்பில் வேலை செய்கிற வீட்டில் வேண்டாமென்று கழித்துக் கொடுத்தது. கைப்பிடி ரப்பர் உரிந்து, பிளாஷ் செத்துப்போன கேமரா. "இயற்கை வெளிச்சத்துல மட்டுந்தான் எடுப்பேன். அது என் கொள்கை" என்றாய். "கொள்கை இல்லடா, கோளாறு" என்றேன். வகுப்பே சிரித்தது. நீயும்தான். பிறகு எங்கள் பலசரக்குக் கடைக்கு எதிரே இருக்கிற ரேடியோ ரிப்பேர்காரர், சும்மாவே பிளாஷைச் சரிசெய்து தருகிறேன் என்று கை நீட்டியபோது, நீ கேமராவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாய்.

"வேணாங்க. மூஞ்சியில வெளிச்சத்த அடிச்சா அதுக பயந்து போன மூஞ்சிதான் விழும். சும்மா இருக்கிற மூஞ்சி விழாது."

கோளாறு கொள்கையாவதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

உனக்குச் சின்னஞ்சிறியவைதான் வேண்டும். சிறுத்தை, மரை என்று நான் ஆசை காட்டினேன். நீ தவளை, மூஞ்சூறு, ஓணான் என்று தரையோடு தரையாகக் கிடந்தாய். எனக்கோ எல்லாமே அருவருப்பு. ஈர மண், அழுகிய இலை, முழங்கைக்கடியில் நசுங்கும் ஏதோ ஒன்று. ஒருமுறை என் அக்குளில் ஓர் அட்டை திராட்சைப் பழம் போல உப்பித் தொங்கியது. நான் அலறிய அலறலில் நீ திரும்பிப் பார்த்தாய். "அசையாத, வெளிச்சம் நல்லா விழுது" என்று அதையும் எடுத்தாய். த்தூ! என் அக்குள் உன் கேமராவுக்குள் போனதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் ஸ்பிரிங்வெளிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, உங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தேன். கையில் எங்கள் கடைப் பிஸ்கட் டின்னின் மூடி. வெயிலை அதில் வாங்கி, நீ காட்டுகிற பக்கம் திருப்பிவிடுவது என் உத்தியோகம். ஒளித்துறை அமைச்சர் என்று நானே பட்டம் சூட்டிக்கொண்டேன். "மொதல்ல நீ ஒளி. அப்புறம் ஒளி தன்னால வரும்" என்றாய். என்னுடைய சிலேடைகளை எல்லாம் ஒரே வரியில் தோற்கடித்தது அது. பொறாமையில் அன்று முழுவதும் உன்னோடு பேசவில்லை.

உனக்கு ஒரே ஒரு சட்டம். நான் ஒருமுறை பொந்துக்குள் குச்சியை விட்டுக் கிளறப் போனபோது கையைத் தட்டிவிட்டாய்.

"காலையில வேலைக்குப் பேர் குடுக்க வரிசையா நிக்கிறாங்கள்ல, அதான் பெரட்டு. அங்க வந்தவனுக்குத்தான் வேல. வராதவன லயத்து வீட்டுக்குப் போயி இழுத்துட்டு வர்றது கங்காணி வேல. நாம கங்காணி இல்ல. பெரட்டுக்கு வந்தத மட்டும் எடுக்கணும். வெளங்குதா?"

விளங்கியது. நம்முடைய பெரட்டு எப்போதும் பனி கலையும் நேரம். யார் யார் வருவார்கள் என்று படுத்துக் கிடப்போம். சில ஞாயிறுகளில் ஒருவரும் வரமாட்டார்கள். எல்லோருக்கும் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம்.

அந்தச் சாரைப் பாம்பு நாளை மறந்திருக்க மாட்டாய். கல்லில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மேலே மலையில் உன் அம்மாவும் மற்றவர்களும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி தேயிலைக்குள் நம் தலைகளைக் கண்டு, "யார்ரா அது? என்னா செய்றீங்க?" என்று கத்தினார். நீ படுத்தபடியே கத்தினாய்: "பாம்ப படம் எடுக்குறோங்க!" பனி அதில் பாதியைத் தின்றுவிட்டது. மேலே போய்ச் சேர்ந்தது வேறு: "பாம்பு படம் எடுக்குதாம்டீ!" கூடைகள் உருண்டன. கொழுந்து பறந்தது. எல்லோருக்கும் முன்னால் ஓடி மதகுக் கட்டில் ஏறி நின்றவர் கங்காணிதான்.

அவர் இறங்கி வந்து பார்த்தபோது சாரை பாவம் எப்போதோ போயிருந்தது. "படம் எடுக்குதுன்னியே?" "நாந்தாங்க எடுத்தேன்." "நீ என்னா, நல்லபாம்பா?" உன் அம்மா கொட்டிய கொழுந்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பாம்பு பயம் இல்லாத எடத்துலயும் நான் பெத்தது ஒண்ணு, கடக்காரர் பெத்தது ஒண்ணு, ரெண்டு கெடக்கே!" அந்தக் கொழுந்தை நாமிருவரும் குனிந்து பொறுக்கினோம். இலை பொறுக்குவது இடுப்பை இப்படி ஒடிக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

இனி அப்புத்தளை. அந்த முகட்டுக் காட்டில் மூக்கில் கொம்பு வைத்த ஓணான் இருக்கிறது என்று யாரோ சொல்லி, நீ தூக்கத்திலும் அதையே புலம்பிக்கொண்டிருந்த காலம். எத்தனையோ தடவை பஸ் ஏறிப் போனோம். பனி, மழை, அட்டை. கொம்பு மட்டும் இல்லை. கடைசியாகப் போன நாளில், காட்டு ஓரத்தில் நமக்கு முன்பே ஒரு ஜீப் நின்றது. பெரிய பெரிய லென்ஸ்கள். தொப்பி போட்ட ஒருவர் மீன் வைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஐஸ். ஐஸ்மேல் ஒரு மரத்தவளை, கண் திறந்தபடி விறைத்துக் கிடந்தது. அதை எடுத்து ஓர் இலைமேல் வைத்து, காலை இழுத்துச் சரிசெய்து, தண்ணீர் தெளித்தார்.

"இப்ப ஓடாது. செல மாதிரி இருக்கும்" என்றார், நம்மைப் பார்த்துப் பெருமையாக.

"செத்துராதுங்களா?" என்று கேட்டாய்.

"செத்தா வேற ஒண்ணு புடிச்சாப் போச்சு."

நீ என் பக்கம் திரும்பினாய். முகம் வெளிறியிருந்தது. "எனக்கு வாந்தி வருதுடா." எனக்குத் தெரிந்தது ஒரே வித்தை. அவர் காலைக் காட்டிக் கத்தினேன்: "அண்ணே, பாம்பு! படம் எடுக்குது!" தொப்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், பெட்டி பள்ளத்தில். நான் தவளையைப் பிஸ்கட் மூடியில் அள்ளிக்கொண்டு ஓடினேன். இறைச்சிக்கடைத் துண்டு போலச் சில்லென்று இருந்தது அது. நீ அதை உள்ளங்கையில் மூடி, வாயால் ஊதி ஊதிச் சூடாக்கினாய். வெகுநேரம் கழித்து ஒரு கால் அசைந்தது. ஓடை ஓரத்தில் விட்டாய். இலைமேல் உட்கார்ந்து தொண்டை துடிக்க நம்மைப் பார்த்தது. வெளிச்சம் அதன்மேல் அருமையாக விழுந்தது.

"எடுக்கலையா?"

"அது பெரட்டுக்கு வரலடா. இழுத்துட்டு வந்தது."

அதே நாளில்தான் கொம்புக்காரர் வந்தார். பாசி மூடிய ஒரு கிளையைக் காட்டி, "இருக்கு" என்றாய். எனக்குப் பாசிதான் தெரிந்தது. "இங்க ஒண்ணுமே இல்ல." "இருக்கு. வெளிச்சம் வரட்டும்." கால் மரத்துப்போனது. பனி சட்டைக்குள் இறங்கியது. பிறகு எங்கேயோ மேகம் கொஞ்சம் விலகி, சேலையிலிருந்து உருவிய இழை போல ஒரு வெளிச்சம் வந்து கிளையைத் தொட்டது. பாசிக்கு ஒரு கண் இருந்தது. கண்ணுக்கு முன்னால் மூக்கு. மூக்கின்மேல், அரிசி முனை போல, வெள்ளையாக அந்தக் கொம்பு. ஒரே ஒரு கிளிக். அதற்குள் பனி மூடிக்கொண்டது.

நீ அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாய். "வந்துட்டாருடா." போனுக்கு அனுப்பு என்றேன், மறுத்தாய். "சின்னதாப் பாத்தா கொம்பு தெரியாது. பெருசா போட்டு அம்மாவுக்குக் காட்டணும். இத்தன நாளா பாசியத்தான் எடுக்குறேன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க."

போடவில்லை. மழை வந்தது, காய்ச்சல் வந்தது. எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது நேரம் கடந்திருந்தது.

உன் சாவு வீட்டில் ஒருவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சொன்னார்: "கண்டதுங்களோட படுத்துப் பொரண்டா வேற என்ன வரும்?" சொல்லிவிட்டு உங்கள் வாசலிலேயே சிவப்பாகத் துப்பினார். பக்கத்தில் நின்றவர் ஆமாம் என்று தலையாட்டினார். அந்தத் துப்பலை எடுத்து அவர் வாயிலேயே திரும்பப் போடலாம் போலிருந்தது. லயத்துக்குப் பின்னால் அடைத்துக்கொண்டு நாறுகிற சாக்கடைக் கான் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. உன் தவளையும் ஓணானும்தான் குற்றவாளிகள். ஆனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். எலியைப் படம் எடுக்கக் கிடந்தவனை எலி எடுத்துக்கொண்டது என்று எனக்கே ஒரு வார்த்தை நாக்குவரை வந்தது. விழுங்கினேன். நான் விழுங்கிய ஒரே சிலேடை அதுதான். இன்னும் செரிக்கவில்லை.

போன வாரம் ஸ்டூடியோவுக்குப் பேனரை எடுக்க உன் மாமாவோடு போனேன். கேமரா கார்டை அவர் முன்பே கொடுத்திருந்தார். விரித்ததும் நான் முதலில் தேடியது உன்னை இல்லை, மன்னித்துக்கொள். ஓணானைத்தான்.

"அண்ணே, கொம்பு எங்க?"

"எந்தக் கொம்பு?"

"ஓணான் மூக்குல இருந்திச்சே."

"ஓ, அதுவா! ஏதோ குச்சி ஒட்டிக்கிட்டு இருந்திச்சு தம்பி. க்ளீன் பண்ணிட்டேன்."

"அது குச்சி இல்லண்ணே. கொம்பு."

"ஓணானுக்கு ஏது தம்பி கொம்பு?" என்று சிரித்தார். "அதானே" என்று உன் மாமாவும் சிரித்தார்.

அசல் படத்தையாவது தாருங்கள் என்றேன். "கார்ட்ல வைரஸ் இருந்திச்சு. பூரா அழிச்சுப் புதுசு மாதிரி குடுத்திருக்கேன், பாருங்க." பூராவுமா என்றேன். பூராவும் என்றார், எனக்கு ஏதோ உபகாரம் செய்த முகத்தோடு. தவளை, மூஞ்சூறு, சாரை, என் அக்குள். பூராவும்.

நான் சும்மா இருப்பேனா? "பெரட்டுக்கு வந்தவன இப்புடிப் புரட்டுக்கு நிக்க வச்சிட்டீங்களே!" என்று கத்தினேன். என் வாழ்நாளின் தலைசிறந்த சிலேடை. ஒருவருக்கும் விளங்கவில்லை. உன் மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "வெயில்ல வந்தது, சோடா குடிக்கிறியா?" என்று கேட்டார்.

உங்கள் வீட்டில் அம்மா பேனரைக் கட்டிலில் விரித்தார். வெளுத்த முகத்தின்மேல் கை வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். "யாரு தம்பி இது?" என்று மெதுவாக என்னைத்தான் கேட்டார். பிறகு, "கொம்பு வச்ச ஓணான் ஒண்ணு எடுத்திருக்கேன், பெருசா போட்டுக் காட்டுறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தானே. அது எங்க? நான் கடைசி வரைக்கும் பாக்கவே இல்லியே."

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் அழவில்லை. பேனரைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "இத எடுத்துட்டுப் போயிரு தம்பி. ஞாயித்துக்கெழம ஜெபத்துக்கு அந்த எடம் சும்மாவே இருக்கட்டும்."

"சும்மா இருக்காதும்மா. கொம்போட கொண்டு வர்றேன்." வாய் முந்திக்கொண்டது. என் வாய் உனக்குத் தெரியுமே.

உன் கேமராவைத் தந்தார். விடியுமுன்பே அப்புத்தளைக்குப் போய், அதே முகடு, அதே மரம், ஈரத்தில் குப்புறப் படுத்தேன். தனியாக. அட்டை ஏறியது; ஏறட்டும் என்று விட்டேன். கல்லைப் புரட்டவில்லை, கிளையை உலுக்கவில்லை. பனி விலகியது. கிளையின் நுனிக்குப் பக்கத்தில் அரிசி முனை போல வெள்ளையாக ஒன்று! மூச்சை அடக்கினேன். வெளிச்சம் வந்தது. ஒரே கிளிக். நீ எத்தனை மாதம் நாயாக அலைந்தாய்? எனக்கு ஒரே காலை. பெரிய ஆள் யார் என்று இப்போதாவது ஒத்துக்கொள். வேறு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டேன். "எதையும் தொடாதீங்க. தூசி இருந்தா தூசியோட போடுங்க."

ஜெபத்துக்கு வந்தவர்கள் படத்துக்கு முன்னால் நின்று, "இதுல என்னா இருக்கு? பாசியால்ல இருக்கு" என்றார்கள். நான் எடுத்தது என்று உன் அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். "நீ எடுத்தா என்னா, அவன் எடுத்தா என்னா, அதே மரந்தானே" என்றார் உன் அம்மா. கிட்டப் போய், படத்தில் விரலை வைத்து, கிளை வழியே மெதுவாக நகர்த்தினார். விரல் நின்றது.

"இந்தா. இந்தா இருக்கு. மூக்குல வெள்ளையா... அடேயப்பா, எம்புட்டுச் சின்னக் கொம்பு!"

எல்லோரும் முண்டியடித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்தது. உன் மாமாகூட, "ஆமாய்யா, கொம்பு" என்றார். உன் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்து, "அவன் சொன்னப்ப நம்பலியே நீங்க" என்றார். அந்த ஒரு நிமிடம் என் ஒரு வார அருவருப்பையெல்லாம் கழுவிவிட்டது.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் நான் சூரன். நேற்று என் வீரத்தை நானே ரசிக்கலாமென்று படத்தைக் கம்பியூட்டரில் போட்டுப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். கொம்பு இருக்கிறது. கொம்புக்குப் பின்னால் மூக்கு இல்லை. மூக்குக்குப் பின்னால் கண் இல்லை. தலைகீழாகத் திருப்பியும் பார்த்தேன்.

குச்சிடா. பட்டை உரிந்த, வெறும் காய்ந்த குச்சி. அந்த ஸ்டூடியோக்காரர் கொம்பைக் குச்சி என்றார். நான் குச்சியைக் கொம்பாக்கி, மாலை போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்தி மாட்டி வைத்திருக்கிறேன். உன் அம்மா காலையில் வேலைக்குப் போகுமுன் அதன் 'மூக்கை'த் தொட்டுவிட்டுத்தான் போகிறாராம். அவரிடம் எப்படிச் சொல்ல? உன் கேமரா என்னிடம்தான் இருக்கிறது, தந்துவிட்டார். நிஜமாகவே ஒருவர் பெரட்டுக்கு வரும்வரை ஞாயிறுதோறும் போய்ப் படுக்கிறேன். வந்ததும் அதை மாட்டிவிட்டு, இதையும் சொல்லிவிடுகிறேன்.

அதுவரை நீ யாரிடமும் மூச்சுவிடாதே. அன்றைக்குப் பனியில் எனக்கு மூக்கை அரித்துக்கொண்டு வந்தது. அந்தக் குச்சி ஓடிவிடுமே என்று, தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு கிடந்தேன்டா.